வினைமுதல் தொலைந்த வாக்கியம்

1

தமிழ்ப் புனைகதையில் வறுமை நிறைய இருக்கிறது. பாக்கி இல்லை. வறுமையைப் பாடத்திட்டத்தில் வைத்தாயிற்று, அதில் முனைவர் பட்டம் வாங்கியாயிற்று, 'விளிம்புநிலை' என்று பெயர் சூட்டிக் கருத்தரங்கும் நடத்தி முடித்தாயிற்று. ஆனால் 7ஆம் தேதி வரவேண்டிய பணம் 22ஆம் தேதி வருகிறது என்ற சாதாரண விஷயம் நம்முடைய விமர்சனத்தின் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே, கையில் காசு இல்லாததுதானே என்று கேட்கலாம். ஒன்றில்லை. வறுமை ஒரு நிலை. அதைச் சித்திரிக்க ஓர் ஆள் போதும். பாக்கி ஓர் உறவு. அதைச் சொல்ல இரண்டு ஆள் வேண்டும்: பெற வேண்டியவர் ஒருவர், தர வேண்டியவர் ஒருவர். வறுமையைப் பார்த்து இரக்கப்படலாம். பாக்கியைப் பார்த்து இரக்கப்பட முடியாது, கணக்குத்தான் கேட்க முடியும். நம் எழுத்தும் விமர்சனமும் பாக்கியைத் தொடர்ந்து வறுமையாக மொழிபெயர்த்து வந்திருக்கின்றன என்பதும், அந்த மொழிபெயர்ப்பில் தர வேண்டியவர் காணாமல் போய்விடுகிறார் என்பதும்தான் இங்கே நான் சொல்லவருவது.

'இதுல என்னப்பா தத்துவம் இருக்கு, லேபர் ஆபீஸ் விஷயம்' என்றார் நண்பர் ஒருவர். தத்துவம் இருக்கிறதா இல்லையா என்பதை மொழியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

2

நான் இருப்பது பம்மலில். 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்ட ஊர். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் என்று தொடரும் தோல் பதனிடும் ஷெட்டுகள் இந்தப் பகுதிக்கு ஒரு வாசனையையும் ஒரு தொழிலாளி வர்க்கத்தையும் கொடுத்தன. பக்கத்துக் குரோம்பேட்டையின் பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தபின் (எங்க ஊர்ப் பேச்சில் 'மெப்ஸ்') காலையில் பஸ்ஸிலும் வேனிலும் போகிற பெண்களின் கூட்டம் ஒன்று சேர்ந்தது. அதற்குப் பிறகு செக்யூரிட்டி வேலை, ஹவுஸ்கீப்பிங், கூரியர், ஒப்பந்தத் துப்புரவு. முதலாளிகள் மாறினார்கள், வேலைகள் மாறின. மாதத்தின் முதல் வாரம் கழிந்ததும் தெருக்குழாயடியிலும் மளிகைக் கடை வாசலிலும் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை.

'சம்பளம் வந்துச்சா?'

'இன்னும் வரலக்கா.'

இந்த வாக்கியத்தை இலக்கணமாகப் பார்ப்போம். எழுவாய் சம்பளம். பயனிலை வரவில்லை. 'வா' செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்கு இன்னொருவர் கை தேவையில்லை. மழை வரல, கரண்டு வரல, தண்ணி லாரி வரல, சம்பளம் வரல. சம்பளம் என்னும் அஃறிணைப் பொருள் தானே கிளம்பி, தானே வழியில் தாமதித்து, தானே வந்துசேர வேண்டிய ஒன்றாக இந்த வாக்கியத்துக்குள் உருமாறிவிடுகிறது. கொடுக்காதவர் வாக்கியத்தில் இல்லை. வினைமுதல் தொலைந்துவிட்டது.

இதற்கு மாற்றாக ஒரு வாக்கியமும் தெருவில் உண்டு: 'இன்னும் போடல.' இங்கே வினைமுதல் மறைந்திருந்தாலும் இருக்கிறது. போடாத ஒருவர் இருக்கிறார். ஆனால் எந்த வினை பாருங்கள். பிச்சை போடுவது, சோறு போடுவது, சம்பளம் போடுவது. மேலேயிருந்து கீழே விழுகிற ஒன்றுக்கான சொல். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இரத்தலுக்கு மூன்று சொற்களைப் பிரித்து வைத்திருப்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்: இழிந்தவன் கேட்க 'ஈ', ஒத்தவன் கேட்க 'தா', உயர்ந்தவன் கேட்க 'கொடு'. இந்த அதிகாரப் படிநிலையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கும் சொல்லிலேயே கேட்பவரின் இடம் நிர்ணயமாகிறது என்ற அவதானிப்பு கூர்மையானது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அதற்கான பணத்துக்குக் காத்திருப்பவர் கடன் கொடுத்தவர். கடன் கொடுத்தவர் கேட்கவேண்டிய சொல் 'கொடு'. நம் ஆட்கள் கேட்பதோ, 'சார், சம்பளம் எப்ப சார் போடுவீங்க?' தொல்காப்பியர் சொன்ன மூன்றிலும் இது இல்லை. கடன் கொடுத்தவர் யாசிப்பவராக நிற்கிற இந்தத் தலைகீழ் நிலைக்குத் தமிழ் புதிதாகக் கண்டுபிடித்த வினை 'போடு'.

இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 'அட்வான்ஸ்'. மாத நடுவில் மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ ஆயிரம் ரூபாய் வாங்கினால் அது அட்வான்ஸ். முன்பணம். 20 நாள் வேலை முடிந்தபிறகு வாங்கும் பணம் எந்த அர்த்தத்தில் 'முன்'? செய்து முடித்த வேலையில் ஒரு துண்டைத் திரும்பப் பெறுவதை முன்கூட்டிக் கிடைத்த சலுகையாக்கி, வாங்கியவரைக் கடனாளியாக்கிவிடுகிறது அந்த ஒரு சொல்.

3

மொழியில் நடப்பது நாட்காட்டியிலும் நடக்கிறது. 1955இல் ப. நீலகண்டன் இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த 'முதல் தேதி' வந்தது. அதில் என்.எஸ். கிருஷ்ணன் பாடும் பாட்டு மாதத்தை முன் 20 நாள், பின் 10 நாள் என்று இரண்டாக வெட்டிக் காட்டும். முன்பாதி குதூகலம், பின்பாதி அவதி. நம் நடுத்தர வர்க்கத்தின் நாட்காட்டி அதுதான். 'மாசக் கடைசி சார்' என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். பத்திரிகைத் துணுக்குகளும் சபா நாடகங்களும் இந்த 'மாசக் கடைசி'யைத் தின்றே வளர்ந்தன.

இந்த நாட்காட்டியின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: முதல் தேதி வந்தே தீரும். 30ஆம் தேதியின் நெருக்கடிக்கு ஒரு முடிவு தெரியும். அதனால்தான் அதைப் பாடலாம், சிரிக்கலாம். அரசு அலுவலகம், வங்கி, ரயில்வே என்று தேதி உறுதியான ஒரு பிரிவின் காலம் அது. ஒப்பந்தத் தொழிலாளியின் காலம் இதற்கு நேர் எதிரானது. அவருக்கு மோசமான நாட்கள் மாதக் கடைசியில் இல்லை, மாத முதலில் இருக்கின்றன. வாடகை 5ஆம் தேதி. குழுக்கடன் தவணை வாரத்தில் ஒரு நாள், மணி அடித்தாற்போல. பைக் லோன் தேதியன்று கணக்கில் பணம் இல்லாவிட்டால் செக் திரும்பியதற்கு வங்கி ஓர் அபராதம், கடன் கொடுத்த நிறுவனம் ஓர் அபராதம். கேஸ், கரண்டு, ஸ்கூல் பீஸ் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. சம்பளத்துக்கு மட்டும் கிடையாது. ஒரு மாதம் 9, ஒரு மாதம் 16, தீபாவளி மாதம் 3, அடுத்த மாதம் 24.

குறைவாக வருவதைவிட எப்போது வரும் என்று தெரியாதது ஏன் மோசம் என்றால், குறைவுக்கு ஏற்பச் செலவைச் சுருக்கலாம். தெரியாத தேதிக்கு ஏற்ப எதையும் சுருக்க முடியாது. சீட்டு கட்டுவதா வேண்டாமா, மூக்குத்தியை இன்றைக்கே அடகுக்கடைக்கு எடுத்துப் போவதா, இரண்டு நாள் பார்ப்பதா? இரண்டு நாளில் வந்துவிட்டால் வட்டி மிச்சம். வராவிட்டால் வீட்டுக்காரர் பேச்சு. தினமும் இந்தச் சூதாட்டத்தை ஆடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அண்ணாச்சி கடையில் எந்த நாள் முகத்தைக் காட்டலாம், எந்த நாள் எதிர் வரிசை வழியாகப் போகவேண்டும் என்ற நுட்பமான அறிவு அவர்களிடம் இருக்கிறது. 'நிச்சயமின்மை' என்று நாம் பின்நவீனத்துவக் கட்டுரைகளில் கொண்டாடிய கருத்தாக்கத்தை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

4

காத்திருக்க வைப்பது அதிகாரத்தின் நிரந்தரச் சலுகை என்ற பொருளில் ரோலன் பார்த் 1977இல் காதலைப் பற்றிய தன் நூலில் எழுதினார். காத்திருப்பவனே காதலன் என்பது அவர் கண்ட சூத்திரம். அழகான அவதானிப்பு. ஆனால் காதலுக்கு வெளியே வந்தால் பாதிதான் பொருந்தும். சம்பளத்துக்குக் காத்திருப்பவர் வெறுமனே காத்திருக்கவில்லை. காத்திருக்கும் நாள் முழுக்கக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் உழைப்புச் சக்தியின் வாங்கல் விற்றல் பற்றிய அத்தியாயத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார். தியாகுவின் தமிழில் வாசித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை முதலில் நுகரக் கொடுக்கிறான், விலை பிறகு வருகிறது. ஆகவே எங்கும் தொழிலாளியே முதலாளிக்குக் கடன் தருகிறான் என்பது அவர் வாதம். அதற்கு அவர் தரும் அடிக்குறிப்பு இன்னும் முக்கியம். கூலி இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வருகிற ஆங்கிலக் கிராமங்களில் தொழிலாளி ரொட்டியும் மாவும் கடனில் வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே கடைக்குக் கட்டுப்பட்டு, கூடுதல் விலை கொடுக்கிறான். வில்ட்ஷையர் பகுதியின் ஹார்னிங்ஷாம் என்ற ஊரில், வெளியே 1 ஷில்லிங் 10 பென்சுக்குக் கிடைக்கும் மாவுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் கொடுத்தார்கள் என்று 1864ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். பம்மலில் நோட்டு வைத்து மளிகை வாங்குகிற எவரும் அந்த அடிக்குறிப்பைத் தன் வீட்டுக் கணக்காகவே படிப்பார். நோட்டுக்காரர் விலை கேட்க முடியாது, அரிசி சரியில்லை என்று திருப்ப முடியாது, சூப்பர் மார்க்கெட் தள்ளுபடிக்குப் போக முடியாது.

மாதச் சம்பளம், அடுத்த மாதம் 7ஆம் தேதி பட்டுவாடா என்று வைத்துக்கொள்வோம். 1ஆம் தேதி செய்த வேலைக்கு 36 நாள் கழித்துப் பணம். 30ஆம் தேதி செய்த வேலைக்கு 7 நாள் கழித்து. சராசரியாக 3 வாரக் கடன். சட்டப்படி ஒழுங்காக நடக்கும்போதே இவ்வளவு. பட்டுவாடா 22ஆம் தேதிக்குப் போனால் சராசரி 5 வாரத்தைத் தாண்டுகிறது. சனிக்கிழமை வாரக்கூலி வாங்குபவர் கொடுக்கும் கடன் சராசரி 3 நாள்கூட இல்லை. சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு போகும் சித்தாளின் கடன் சில மணி நேரம். நம் சமூகத்தின் மரியாதைப் படிக்கட்டு இதற்கு நேர் தலைகீழ்: நாள்கூலி கீழே, வாரக்கூலி அதற்கு மேலே, 'மாசச் சம்பளம்' உச்சியில். பெண் கொடுப்பவர்கள் விசாரிப்பதும் அதைத்தான். 'கூலி' என்ற சொல்லிலிருந்து 'சம்பளம்' என்ற சொல்லுக்கு ஏறும்போது நாம் அடைந்த கௌரவத்தின் விலை, முதலாளிக்குக் கொடுக்கும் கடனின் நீளம்.

இன்னும் ஒரு கணக்கு. 100 பேர், ஆளுக்கு 15,000 ரூபாய். மொத்தம் 15 லட்சம். இதை 15 நாள் தள்ளிப் போட்டால், ஆண்டுக்கு 12 சதவீத வங்கி வட்டியில் முதலாளிக்கு மிச்சமாவது சுமார் 7,400 ரூபாய். அந்த 100 பேரில் 50 பேர் மட்டும் ஆளுக்கு 5,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். தெரு வட்டியில் அரை மாதம் என்பது கிடையாது. ஆளுக்கு 500, மொத்தம் 25,000. அங்கே மிச்சமாவது 7,400; இங்கே போவது 25,000. வெறும் சுரண்டல் என்று சொன்னால்கூட இது அடங்காது. முதலாளிக்குக் கிடைப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் தொழிலாளி இழக்கிறார். அது வட்டிக்காரருக்குப் போகிறது. 10,000 என்று பேசி, பிடித்தம் போக 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிக்கிற தண்டல் பம்மலின் சந்துகளில் டி.வி.எஸ். வண்டியில் சுற்றுவதற்கான பொருளாதார அடித்தளம் இதுதான். 2003இல் தமிழக அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் பெயராக எழுதித் தடை செய்தது. வட்டிக்காரரிடம் ஒருவரை அனுப்பிவைக்கும் தாமதத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. இப்போது செல்போனிலேயே செயலிகள் வந்திருக்கின்றன: நாம் உழைத்துச் சேர்த்த சம்பளத்தில் ஒரு பகுதியை, கட்டணம் வாங்கிக்கொண்டு, நமக்கே முன்னதாகத் தருகின்றன.

5

இனிப் பிரதிகளுக்கு வருவோம். பாக்கியை அதன் முழு உக்கிரத்தோடு எழுதியவர் என்று எனக்குப் படுவது புதுமைப்பித்தன். 'ஒருநாள் கழிந்தது' கதையில் எழுத்தாளர் முருகதாசர் கடைக்காரருக்குத் திங்கட்கிழமை சொல்லி அனுப்புகிறார். மாலையில் நண்பரிடம் கைமாற்றுக் கேட்கிறார், கேட்டது முழுதாகக் கிடைப்பதில்லை, கிடைத்ததும் கடைக்காரருக்குப் போகாமல் காப்பிப்பொடிக்குப் போகிறது. திங்கட்கிழமையின் பிரச்சினை திங்கட்கிழமைக்கே தள்ளப்படுகிறது. இதை வறுமைக் கதை என்று பாடம் நடத்துகிறோம். என் வாசிப்பில் இது காலத்தைப் பற்றிய கதை. தலைப்பிலேயே நாள்தான் இருக்கிறது. கடனாளிக்குத் தேதி உண்டு, வரவுக்குத் தேதி இல்லை என்ற முரணில்தான் கதை நகர்கிறது. அந்த வீட்டின் நகைச்சுவையும் கசப்பும் அதிலிருந்து பிறக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தர வேண்டியவர்கள் கதையின் மேடைக்கு வருகிறார்கள். அவருக்குத் தர வேண்டியவர்கள் வருவதில்லை. புதுமைப்பித்தனிடமே மேடைக்கு வராத அந்த ஆள், அவருக்குப் பின்வந்த வறுமைக் கதைகளில் முழுக்கவே மறைந்துபோகிறார்.

அந்த ஆளை மேடைக்குக் கொண்டுவந்த பிரதிகள் வேறு திசையிலிருந்து வந்தன. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 2007இல் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு' நாவலில் சம்பளநாள் என்பது மாதத்தில் வருவதில்லை. ஆண்டு முடிவில் கணக்கு முடிப்பாக வருகிறது. வருடம் முழுக்க மலையில் உழைத்தவர்கள் அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தின் முன் நிற்கும்போது, ஊரில் வாங்கிய முன்பணமும் கடைப் பற்றும் கழிந்து, மீதி இல்லாமல், இன்னும் கடனாளிகளாகவே திரும்புகிறார்கள். தாமதத்தை எவ்வளவு நீட்டினால் கூலியே கடனாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரிப்பு தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைத் தோட்டங்களில் இது ஒரு காகிதமாகவே இருந்தது. பெயர் 'துண்டு'. இந்தத் தொழிலாளிகள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். தொழிலாளி தோட்டத்துக்குத் தர வேண்டியதை எழுத ஒரு காகிதம் இருந்தது. தோட்டம் தொழிலாளிக்குத் தர வேண்டியதை எழுதி, அவர் கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி எதிர்த் துண்டு ஒன்று இருக்கவில்லை. எழுத்து யார் பக்கம் நிற்கிறது என்று நாம் கேட்பதெல்லாம் இலக்கியப் பிரதிகளை மட்டும் வைத்தா?

டி. செல்வராஜின் 'தோல்' (2010, சாகித்திய அகாதெமி பரிசு 2012) திண்டுக்கல் தோல் ஷெட்டுகளின் சுண்ணாம்புக் குழிகளையும், முன்பணத்தால் கட்டிவைக்கப்பட்ட உடல்களையும், சங்கம் உருவாவதையும் விரித்து எழுதியது. பல்லாவரம், நாகல்கேணி ஷெட்டுகளின் கதையை அப்படி யாராவது எழுதினால் அதில் இன்னொரு அடுக்கும் வரவேண்டியிருக்கும். வெளிநாட்டு ஷூ கம்பெனி ஏற்றுமதியாளருக்கு இரண்டு மூன்று மாதத் தவணை சொல்கிறது. ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் எடுத்தவருக்குத் தவணை சொல்கிறார். அவர் காண்டிராக்டருக்கு, 'பில் பாஸ் ஆகல' என்கிறார். காண்டிராக்டர் தொழிலாளியிடம் அதையே சொல்கிறார். தொழிலாளி யாரிடம் சொல்வார்? மளிகைக் கடையில். ஐரோப்பியக் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் செருப்புக்கு நாகல்கேணிக் குடித்தனம் ஒன்று முதலீடு செய்திருக்கிறது. வட்டியில்லாமல்.

6

சட்டம் இதை எப்படி எழுதுகிறது? பழைய மதப் பிரதிகளில் கெடு மிகக் குறுகியது. லேவியராகமம் கூலியை விடியும்வரை வைத்திருப்பதைத் தடுக்கிறது. உபாகமம் சூரிய அஸ்தமனத்தைக் கெடுவாக்குகிறது. உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குமுன் என்கிறது நபிமொழி. உடலையும் வெளிச்சத்தையும் அளவாகக் கொண்ட கெடுக்கள். விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931இல் அறிக்கை கொடுத்து, 1936இல் கூலிப் பட்டுவாடாச் சட்டம் வந்தபோது அளவு மாறியது: ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேற்பட்டால் 10ஆம் தேதிக்குள். பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டம் தொழிலாளி தரும் கடனை ஒழிக்கவில்லை. அதற்கு ஒரு தவணை நிர்ணயித்தது.

தவணை தவறினால்? பிடித்தம் செய்த கூலிக்குப் பத்து மடங்குவரை இழப்பீடு. தாமதமான கூலிக்கு உச்சவரம்பு 25 ரூபாய்தான். 2005இல்தான் இதை 1,500 முதல் 3,000 வரை என்று திருத்தினார்கள். திருடுவது குற்றம், தாமதிப்பது கவனக்குறைவு என்ற பார்வை அந்த 25 ரூபாயில் பதிந்திருக்கிறது. இதையும் 2006ஆம் ஆண்டுச் சிறு, குறுந்தொழில் மேம்பாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். சிறு தொழிலதிபரிடம் பொருள் வாங்கிய கம்பெனி 45 நாளுக்குமேல் பணத்தை இழுத்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. நியாயமான சட்டம். சரக்கு விற்றவருக்குக் காலம் பணம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அந்தச் சரக்கைச் செய்த கைக்கு மட்டும் காலம் பணமில்லை.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் 15 நாளுக்குமேல் போனால் நாளுக்கு 0.05 சதவீதம் தாமத ஈடு என்று விதி இருந்தது. ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குச் சற்று மேல். தண்டல்காரர் கேட்டால் சிரிப்பார். 2025 ஜனவரியில் தமிழகத்துக்கு வரவேண்டிய கூலி நிலுவை 1,056 கோடி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வினைமுதல் மறுபடியும் தொலைவதைக் கவனியுங்கள். மத்திய அரசு மாநிலத்துக்குத் தர வேண்டிய 'நிதி'யாக அது செய்தித்தாளில் வந்தது. யாரோ ஒரு மூதாட்டி ஏரி வேலைக்கு மண் சுமந்து அரசுக்குக் கொடுத்த கடனாக வரவில்லை.

பழைய நான்கு சட்டங்களை ஒன்றாக்கிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதச் சம்பளம் எல்லோருக்கும் 7ஆம் தேதிக்குள். நாள்கூலி ஷிப்ட் முடியும்போதே. உரிமை கோர 3 ஆண்டு அவகாசம். கொடுத்தாயிற்று என்பதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி மேல். நல்லதுதான். ஆனால் பைக் லோனின் அபராதம் நாம் கேட்காமலே தானாக ஏறுகிறது. சம்பளத் தாமதத்தின் ஈடு மனுப் போட்டால்தான். எதிலே எந்திரம் தானாக ஓடும், எதிலே மனிதர் போய்ச் சுற்ற வேண்டும் என்பதே ஒரு வர்க்கப் பிரிவினை.

7

தொழிலாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நமக்கு வசதி. நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். ஊதியம், தொகுப்பூதியம், மதிப்பூதியம், சன்மானம். சொல் உயர உயரப் பணம் தாமதிக்கும் என்பது நான் வேலைபார்த்த இடங்களில் கற்ற விதி. அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் இருப்பவர்களுக்குப் பெயர் 'கௌரவ' விரிவுரையாளர். ஆண்டுக்கு 11 மாதம்தான் தொகுப்பூதியம். மே மாதம் பசிக்காது என்று அரசு முடிவுசெய்திருக்கிறது. நான் சில ஆண்டுகள் இருந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் செமஸ்டர் பீஸ் வசூலாகும்வரை சம்பளம் கிடையாது. கேட்டால் 'படிச்சவங்க நீங்களே இப்படிக் கேட்கலாமா' என்பார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மாதக்கணக்கில் பணம் வராமல் போராட வேண்டியிருந்தது. எத்தனையோ வறுமை ஆய்வேடுகளுக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் அது. சிற்றிதழ்களும் எழுதுகிறவருக்குப் பணம் தருவதில்லை. கேட்பது அநாகரிகம் என்று நாமே ஒரு பண்பாட்டை வளர்த்திருக்கிறோம். இலக்கியத்தைப் பணத்துக்கு அப்பால் வைத்த அந்த மனோபாவம்தான் பாக்கியை வாசிக்கத் தெரியாத விமர்சனத்தை உண்டாக்கியது என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஷூ அப்பர் தைக்கிற யூனிட் ஒன்றுக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். சமையல்கட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில், சம்பளம் கையில் வந்த நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறார். பக்கத்திலேயே அந்த மாதம் கட்டிய வட்டி. ஆண்டு முடிந்ததும் காலண்டரைக் கிழித்துப் போடுவதில்லை, சுருட்டிப் பரண்மேல் வைக்கிறார். 'எதுக்குக்கா?' என்று கேட்டேன். 'அவங்க நோட்டுல நம்ம அட்வான்ஸ எழுதுறாங்கல்ல. இது நம்ம நோட்டு' என்றார்.

நான் மேலே இல்லை என்று சொன்ன எதிர்த் துண்டு இதுதான். 12 வட்டங்கள், 12 தொகைகள். தர வேண்டியவரின் பெயர் அதில் எழுதப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு வட்டமும் அவரைச் சுட்டுகிறது. 3 ஆண்டு அவகாசம் தருகிற சட்டத்தின் முன் இது சாட்சியமாகவும் நிற்கும், தேதிகள் அதில் இருப்பதால். வறுமை இலக்கியம் என்ற தலைப்பில் இனிப் பாடத்திட்டம் போடுகிறவர்கள் நாவல்களோடு இப்படிப்பட்ட காலண்டர் ஒன்றையும் மாணவர்கள் கையில் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு ஒரே ஒரு பயிற்சி கேட்கலாம்: 'சம்பளம் வரவில்லை' என்ற வாக்கியத்தை வினைமுதலோடு திருத்தி எழுதுக.